ஓங்கி அடித்தால் சத்தம் திரும்புகிறதா? அப்படியானால் வால்வை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் என்ற கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி). போட்டவுடன் நன்றாக இருக்கிறது. 20 நிமிடம் போல வாசித்த பிறகு சத்தம் திடீரென்று அமுங்கி மெலிந்துவிடுகிறது. கிட்டாரில் ஒரு கார்டை (ஸ்வரக் கூட்டை) ஓங்கி அடித்தால் சில சமயம் பழையபடி வந்துவிடுகிறது. கடையில் ஐந்து வால்வையும் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை) மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, காசை இறக்குவதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதைத்தான். முடியும். ஆம்ப்பைத் திறக்காமலேயே பாதி தூரம் போய்விடலாம். ஐந்து வால்வையும் மாற்றுவது இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த ஆம்ப்பில் 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வு மூன்று, 6எல்6 என்ற பெரிய பவர் வால்வு இரண்டு. 6எல்6 இரண்டும் சேர்ந்துதான் 40 வாட் தருகின்றன. அதில் ஒன்று செத்துப்போய் 40 வாட் 20 வாட்டாகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் 3 டெசிபல் குறைவு, 'கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதே' என்று காது சந்தேகப்படும் அளவுதான். சத்தம் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் இறங்க வேண்டும். அதாவது பவர் பத்தில் ஒரு பங்காகி 4 வாட்டுக்கு வர வேண்டும். தவிர, ஒரு 6எல்6 போனால் சத்தம் குறைவதைவிட ஒலி கரகரப்பதும் ஹம் (அடியில் ஓடும் 'ம்ம்' என்ற உறுமல்) கூடுவதும்தான் முதலில் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஹம், ஒரு பக்கம் நின்றதும் வெளியே கேட்க ஆரம்பித்துவிடும். நீங்கள் சொல்லும் குறி அதுவல்ல. ஒலி உடையவில்லை, மெலிகிறது. வழியில் எங்கோ சிக்னல் மறிக்கப்படுகிறது.

கரண்ட் குறைவாக வருவதாலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 230 வோல்ட் 190க்கு இறங்கினால்கூட ஆம்ப்பின் பவர் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். டெசிபல் கணக்கில் அது இரண்டுகூட இல்லை. வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 5.2தான் போகும், அது நாள்பட்டால் நல்லதல்ல. ஆனால் சட்டென்று அமுங்கி, ஓர் அடியில் திரும்பும் கோளாறு அதனால் வராது. ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால் வேறு காரணத்துக்காக வாங்குங்கள்.

இனி அந்த 'ஓங்கி அடித்தால் திரும்புகிறது' என்ற விஷயம். உங்கள் கேள்வியிலேயே மிக மதிப்புள்ள தகவல் இதுதான். ஜாக், ஸ்விட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஆகியவற்றின் உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகள் பல மாதம் அசையாமல் கிடந்தால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படியும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சில நூறு மில்லிவோல்ட் அளவிலான சிக்னலால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. கசிந்து கொஞ்சம்தான் அந்தப் பக்கம் போகும், அதனால் சத்தம் மெலிந்து, அடித்தொனி இல்லாமல் கேட்கும். ஓங்கி அடிக்கும்போது சிக்னல் வோல்ட்டேஜ் ஏறி படலத்தை ஓர் இடத்தில் துளைத்துவிடுகிறது, உடனே முழுச் சத்தமும் திரும்புகிறது. ஸ்பீக்கர் வயரில் இந்தக் கதை நடக்காது. 40 வாட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போவது கிட்டத்தட்ட 18 வோல்ட், அந்த அளவு வோல்ட்டேஜ் மெல்லிய படலத்துக்கெல்லாம் நிற்காது. ஆகவே தேட வேண்டிய இடம், சிறிய சிக்னல் போகும் பாதையில் உள்ள தொடுமுனைகள்.

ஒரு சந்தேகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுடையது ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் உள்ள காம்போ. ஓங்கி அடிக்கும்போது சிக்னல் மட்டும் ஏறுவதில்லை, பெட்டியே அதிர்கிறது. விரிசல் விட்ட சால்டரோ (ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு), லூஸான வால்வு பின்னோ அந்த அதிர்வில் ஒட்டிக்கொண்டும் சத்தம் திரும்பலாம். இரண்டில் எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்பை அணைத்து, உள் ஸ்பீக்கரின் பிளக்கைக் கழற்றி, அதே ஜாக்கில் நண்பரிடம் வாங்கிய 8 ஓம் ஸ்பீக்கர் கேபினட் ஒன்றைச் செருகி, அதை அறையின் மறுகோடியில் வையுங்கள். இப்போது ஆம்ப் பெட்டி அதிராது. சத்தம் இறங்கும்போது ஓங்கி அடியுங்கள். அப்போதும் திரும்பினால் ஆக்சைடு படலம். திரும்பாமல், பெட்டியின் மேல் உள்ளங்கையால் தட்டினால் மட்டும் திரும்பினால் சால்டர், சாக்கெட், வயர் பக்கம் போக வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் மட்டும் வால்வு ஆம்ப்பை ஓட்டிவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், இந்த ஆம்ப்பில் விலை அதிகமான பாகங்களில் அது ஒன்று.

அதற்கும் முன்னால், வெளியே இருப்பதைச் சந்தேகத்திலிருந்து நீக்குங்கள். நடுவில் மாட்டியிருக்கும் எஃபெக்ட் பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வேறொரு கிட்டார், வேறொரு கேபிள், நேராக ஆம்ப்பின் இன்புட் 1. இதைச் செய்யாமல் ஆம்ப்பைத் திறப்பது வீண் வேலை. இப்படி வரும் புகார்களில் பல, கேபிள் பிளக்கின் உள்ளே அறுந்த இழையோடு முடிந்துவிடும். இன்புட் 2-லும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இயல்பாகவே அது இன்புட் 1-ஐவிட 6 டெசிபல் குறைவாகத்தான் கேட்கும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முக்கியமான சோதனை. கன்ட்ரோல் பேனலில் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று இரண்டு ஜாக் இருக்கும். எஃபெக்ட்ஸ் லூப்புக்கானவை, அதாவது சிறிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பகுதிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதிக்கும் நடுவே எஃபெக்ட் பெடல் மாட்டும் வழி. நீங்கள் அவற்றைப் பயன்படுத்தியதே இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஏனென்றால், எதுவும் செருகாதபோது சிக்னல் பவர் ஆம்ப் இன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ஸ்பிரிங் தகட்டின் வழியாகத்தான் பவர் பகுதிக்குப் போகிறது. பிளக்கைச் செருகினால் அந்தத் தகடு தூக்கிக்கொண்டு தொடர்பை அறுக்கும், எடுத்தால் மறுபடி உட்காரும். வருடக்கணக்கில் யாரும் பிளக் செருகாத ஜாக்கில் அந்தத் தகடு ஒரே இடத்தில் உட்கார்ந்து கறுத்துப்போயிருக்கும். 20 நிமிடத்தில் சேஸிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) சூடேறி, பிளாஸ்டிக் விரிந்து, தகட்டின் அழுத்தம் துளி குறைந்தாலும் போதும், தொடர்பு விட்டுப்போகும். வால்வு ஆம்ப் எதுவானாலும், லூப் இருந்தால் இந்த நோய் வரலாம். மார்ஷல், பீவி என்று எதுவும் விலக்கல்ல.

ஆம்ப்பை நன்றாகச் சூடேறவிட்டு, சத்தம் இறங்கும்வரை வாசியுங்கள். இறங்கியதும் வேறெதையும் தொடாமல், ஒரு சின்ன பேட்ச் கேபிளை எடுத்து ப்ரீஆம்ப் அவுட்டிலிருந்து பவர் ஆம்ப் இன்னுக்குப் போடுங்கள். முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முழுச் சத்தமும் ஒரேயடியாக வந்து அதிரவைக்கும். சத்தம் திரும்பிவிட்டால் குற்றவாளி அந்தத் தகடுதான். உறுதிப்படுத்த, கேபிள் போட்டபடியே ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். ஒரு தடவைகூட இறங்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பிளக் செருகும் அசைவிலேயே தகடு தேய்ந்து தற்காலிகமாகச் சரியாகிவிடும். ஆகவே கேபிளை எடுத்த பிறகும் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து 'ஜாக் நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவுகட்டக் கூடாது. அது உண்மையில் எதிர்ப்பக்கச் சாட்சி.

சுத்தம் செய்வது எளிது, ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். ஸ்பிரேயை ஜாக்கின் வாயில் பீய்ச்சினால் பாதி தகட்டில் படவே படாது, மீதி போர்டில் வழியும். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒரு பிளக்கின் முனையில் டீஆக்ஸிட் போன்ற கான்டாக்ட் கிளீனரைத் தடவி, பவர் ஆம்ப் இன்னில் 20 முறை செருகி எடுங்கள். செருகும்போது லேசாகச் சுழற்றுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு இன்னொரு சுற்று. ப்ரீஆம்ப் அவுட், இரண்டு இன்புட் ஜாக், ஃபுட்ஸ்விட்ச் ஜாக் எல்லாவற்றுக்கும் கையோடு செய்துவிடுங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு உதவாது. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து சில மாதத்தில் மறுபடி வந்தால் தகட்டின் ஸ்பிரிங் வலு போய்விட்டது என்று பொருள், ஜாக்கையே மாற்ற வேண்டும். மாற்ற இஷ்டமில்லை என்றால் அந்தப் பேட்ச் கேபிளை நிரந்தரமாகவே விட்டுவிடலாம். ஒலிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

பேட்ச் கேபிள் போட்டும் சத்தம் திரும்பவில்லையா? அப்போதும் அந்த இரண்டு ஜாக்கும் உதவும், ஆம்ப்பை இரண்டு பாதியாக வெட்டிக் காட்டும். சத்தம் இறங்கிய நிலையில் ப்ரீஆம்ப் அவுட்டை வேறொரு ஆம்ப்புக்கோ மிக்ஸருக்கோ கொடுத்துக் கேளுங்கள். அங்கேயும் மெலிந்து கேட்டால் கோளாறு முன்பாதியில், அதாவது ப்ரீஆம்ப்பில். அங்கே நன்றாக இருந்தால் பின்பாதியில், அதாவது பவர் பகுதியில். மறுபக்கச் சோதனையாக, ஒரு பெடலின் அவுட்புட்டையோ போனில் ஓடும் பாட்டையோ நேராக பவர் ஆம்ப் இன்னில் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டும் நடுவில் அமுங்கினால் பின்பாதி என்பது உறுதி. லூப்பர் பெடல் இருந்தால் இன்னும் வசதி. நான்கு பார் வாசித்துச் சுழலவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

முன்பாதியில்தான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: கிளீன் சேனல் (தெளிவான ஒலி), டிரைவ் சேனல் (கரகரப்பான ஒலி) இரண்டிலும் இறங்குகிறதா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சேனலின் பொட்டென்ஷியோமீட்டர் (திருகும் குமிழின் கீழே உள்ள பாகம்), அல்லது சேனலை மாற்றும் ரிலே. கிளீனுக்கு வால்யூம், டிரைவுக்கு டிரைவ், மாஸ்டர். சத்தம் இறங்கும் அதே நொடியில் சேனல் விளக்கு மாறுகிறதா, மினுக்குகிறதா என்றும் பாருங்கள். மாறினால் ஆர்78, ஆர்79 என்று போர்டில் அச்சிட்ட இரண்டு ரெசிஸ்டர்களைச் சந்தேகப்படுங்கள். 470 ஓம், 5 வாட், வெள்ளை செங்கல் போல இருக்கும். ரிலேக்கும் ஐசிக்கும் போகும் 16 வோல்ட் சப்ளைக்கானவை இவை. ஆம்ப் ஓடும் நேரமெல்லாம் கொதித்துக்கொண்டே இருந்து, தங்கள் காலடியில் உள்ள சால்டரைத் தாங்களே கெடுத்துக்கொள்ளும். 1996-இல் வந்த நாளிலிருந்து இந்த மாடலில் பேர்பெற்ற பலவீனம் இதுதான். இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இறங்கினால் இன்புட் ஜாக், முதல் 12ஏஎக்ஸ்7, இரண்டுக்கும் பொதுவான பாதை.

இங்கே ஒரு நல்ல கைவைத்தியம் உண்டு. ஆம்ப் நன்றாக இருக்கும்போது கிட்டாரின் வால்யூமைச் சுழியத்தில் வைத்து, ஆம்ப் வால்யூமை 8-இல் வைத்து, 'உஸ்' என்ற இரைச்சல் எவ்வளவு என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரைச்சலில் பெரும்பங்கு முதல் வால்விலேயே பிறப்பது. சத்தம் இறங்கிய பிறகு அதே நிலையில் மறுபடி கேளுங்கள். இரைச்சல் குறையாமல் கிட்டார் மட்டும் மெலிந்திருந்தால் கோளாறு முதல் வால்வுக்கு முன்னால்: கேபிள் அல்லது இன்புட் ஜாக். இரைச்சலும் சேர்ந்து இறங்கியிருந்தால் அதற்குப் பின்னால். காதை ஸ்பீக்கரில் ஒட்டவைக்காமல் ஒரு முழம் தள்ளியே கேளுங்கள்.

சத்தம் எப்படி இறங்குகிறது என்பதும் ஒரு துப்பு. கர்ர், டப் என்ற ஓசையோடு நொடியில் இறங்கினால் தொடுமுனை அல்லது ட்ரை சால்டர் (பிடிப்பு விட்ட சால்டர்). 10, 15 விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மங்கி, திரும்பும்போதும் மெல்லத் திரும்பினால் வால்வின் ஹீட்டருக்குப் போகும் கரண்ட் விட்டு விட்டு வருகிறது என்று சந்தேகிக்கலாம், ஏனென்றால் கேதோடு (ஹீட்டர் சூடாக்கும், எலக்ட்ரான் வெளிவிடும் முனை) ஆறவும் மறுபடி சூடேறவும் நேரம் பிடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7-க்குள் இரண்டு தனித்தனி வால்வு இருக்கிறது, ஹீட்டரும் இரண்டு பாதி. ஒரு பாதி மட்டும் இருண்டிருப்பது பகலில் தெரியாது, இருட்டில் தெரியும்.

12ஏஎக்ஸ்7-ஐச் சோதிக்கக் காசு தேவையில்லை. ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறியதும் முதல் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறி மாறினால், உதாரணமாக இரண்டு சேனலிலும் வந்த கோளாறு டிரைவில் மட்டும் வந்தால், வால்வில் பங்கு இருக்கிறது. மாறவே இல்லை என்றால் அந்த இரண்டு வால்வும் நிரபராதி. ஓடும்போது மரக்குச்சியால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். லேசான டிங் ஓசை எல்லா வால்விலும் வரும், அது கோளாறல்ல. தட்டியதும் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் வால்வா, சாக்கெட்டா என்பது மீதி இருக்கிறது. வேறொரு வால்வைப் போட்டும் அதே இடத்தில் அதே குறி வந்தால் சாக்கெட். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது, ஆனால் கடையில் விற்பது வால்வு, சாக்கெட் அல்ல.

இதுவரை சொன்ன எதற்கும் ஆம்ப்பைத் திறக்கத் தேவையில்லை. இனி வருவதற்குத் திறக்க வேண்டும். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கன்டென்சர்களில் அது தங்கியிருக்கும். ஸ்டேண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே விட்டுப் பவரை அணைத்தால் வால்வுகளே பெரும்பகுதியை இறக்கிவிடும், ஆனால் அதை நம்பிக் கை வைக்காதீர்கள். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு காலில் கிளிப் வயரைச் சேர்த்து சேஸிஸில் மாட்டி, மறுகாலில் நன்றாக இன்சுலேஷன் செய்த புரோபைச் சேர்த்து, ஒவ்வொரு பெரிய கன்டென்சரின் பிளஸ் முனையிலும் 10 விநாடி வைத்திருங்கள். பிறகு மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பின்பே விரல் உள்ளே போகலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது சாகசம், வேலை அல்ல. ஓடும் ஆம்ப்பில் அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு வயரை முன்பே சேஸிஸில் மாட்டிவிட்டு ஒரே கையால் அளக்க வேண்டும். வீட்டில் மூன்றாவது பின்னின் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்தபின் மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள், கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது. ட்ரை சால்டர் என்பது ரெசிஸ்டர் காலைச் சுற்றி முடி அளவு வட்ட விரிசலாகத் தெரியும். ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். பார்க்க வேண்டிய வரிசை: ஆர்78, ஆர்79, வால்வு சாக்கெட்டின் பின்கள், ஜாக்குகளின் கால்கள், பொட்டென்ஷியோமீட்டர் கால்கள். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் போர்டுக்கும் பெரிய போர்டுக்கும் நடுவே போகும் ரிப்பன் வயரின் இரண்டு முனைகளும் அதிர்வில் வெட்டுப்படும் இடம். பழைய ஈயத்தின் மேலேயே அயர்னை வைத்து உருக்கினால் ஒரு மாதம் தாங்கும். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஃபிளக்ஸ் வைத்து, 60/40 ஈயத்தால் 350 டிகிரி அளவில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அந்த 5 வாட் ரெசிஸ்டர்களை மாற்றும்போது போர்டிலிருந்து 6 மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள், அடியில் காற்று போனால் சூடு போர்டுக்கு இறங்காது. சாக்கெட் பின் தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றையும் உள்பக்கமாக ஒரு துளி நெருக்கினால் போதும். அழுத்தி நெருக்கினால் பின் முறியும்.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை என்றால் கோளாறு இருக்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் அளப்பதுதான் வழி. ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-க்கும் பின் 1, பின் 6 பிளேட்; பின் 3, பின் 8 கேதோடு. நல்ல நிலையில் அளந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சத்தம் இறங்கியதும் அதே இடங்களை மறுபடி அளங்கள். பிளேட் வோல்ட்டேஜ் தரையைத் தொட்டால் பிளேட் ரெசிஸ்டர் சூட்டில் அறுகிறது. பிளேட் ஏறி சப்ளை வோல்ட்டேஜுக்கே போய் நின்றால் கேதோடு பக்கம் தொடர்பு விடுகிறது, அல்லது வால்வு கரண்ட் இழுக்கவில்லை. வோல்ட்டேஜ் எதுவுமே மாறாமல் சத்தம் மட்டும் இறங்கினால் கோளாறு சிக்னல் மட்டும் போகும் இடத்தில்: கப்ளிங் கன்டென்சரின் கால், ரிலே, ஜாக், பொட்டென்ஷியோமீட்டர். கேதோடுக்கு இணையாக இருக்கும் சிறிய எலக்ட்ரோலிடிக் கன்டென்சர் விட்டுப்போனாலும் வோல்ட்டேஜ் மாறாது. ஆனால் 100 கிலோ ஓம் பிளேட், 1.5 கிலோ ஓம் கேதோடு உள்ள ஸ்டேஜின் பெருக்கம் 60-லிருந்து 32 போல ஆகும், ஏறக்குறைய 6 டெசிபல் இழப்பு. நீங்கள் சொல்லும் அளவுக்கு அது போதாது.

சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு ஹேர் டிரையரும் ஃப்ரீஸ் ஸ்பிரேயும் நல்ல கூட்டாளிகள். சந்தேகமான மூலையை டிரையரால் சூடாக்கினால் 20 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. சத்தம் இறங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் குளிரவையுங்கள், எதைக் குளிரவைத்ததும் திரும்புகிறதோ அதுதான். சூடான வால்வுக் கண்ணாடியில் மட்டும் ஃப்ரீஸ் ஸ்பிரே பட்டுவிடக் கூடாது, தெறித்துவிடும்.

பின்பாதி என்று தெரிந்தவர்களுக்குப் பட்டியல் சிறியது. மூன்றாவது 12ஏஎக்ஸ்7, 6எல்6-களின் சாக்கெட், அவற்றின் ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள், ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் கழற்றி ஓமில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6-இலிருந்து 7-க்குள் காட்டும். மீட்டர் வைத்தபடியே கூம்பை இரண்டு கை விரல்களால் சமமாக அழுத்தி விடுங்கள். எண் தாவினால் கூம்புக்குப் போகும் பின்னல் வயர் அறுகிறது. ஃபில்டர் கன்டென்சர் உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள், ஆனால் உங்கள் கோளாறுக்குக் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. அது போனால் ஹம், படகு மோட்டார் போன்ற துடிப்பு என்று வேறு குறிகளோடு வரும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு 6எல்6 செத்தால் நீங்கள் விவரிக்கும் ஒலி வராது, ஓங்கி அடித்தால் திரும்புவது பெரும்பாலும் தொடுமுனைக் கோளாறு. பவர் ஆம்ப் இன் ஜாக்தான் என்பது வலுவான ஊகம் மட்டுமே. ஆம்ப்பைக் கேட்காமல் அதற்கு மேல் போக முடியாது, பேட்ச் கேபிள் சோதனைதான் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு கோளாறு சேர்ந்திருப்பதும் அபூர்வமல்ல, ஜாக்கைச் சுத்தம் செய்து பாதி சரியானால் மீதிக்கு மேலே சொன்னபடி தொடருங்கள்.

எல்லாம் பார்த்து 6எல்6 மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஜோடியாகப் பொருத்தம் பார்த்ததாக வாங்கி, பயஸ் (வாசிக்காதபோது வால்வு இழுக்கும் கரண்ட்டின் அளவு) வைக்கச் சொல்லுங்கள். போர்டில் டிபி30 என்ற புள்ளியில் 60 மில்லிவோல்ட் என்பது கம்பெனி எண், அதாவது இரண்டு வால்வுக்கும் சேர்த்து 60 மில்லிஆம்ப். 12ஏஎக்ஸ்7 மாற்ற பயஸ் தேவையில்லை, பிடுங்கிச் செருகினால் போதும். இந்த வித்தியாசம் தெரியாத இடத்தில் ஆம்ப்பை விடாதீர்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, எந்தச் சேனலில், பேட்ச் கேபிள் போட்டபோது என்ன ஆனது, ப்ரீஆம்ப் அவுட்டில் எப்படிக் கேட்டது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் சேஸிஸைப் பெட்டிக்குள் வைத்து மூடிய நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். திறந்த மேஜையில் காற்றோட்டமாக ஓடும்போது இந்தக் கோளாறு தலைகாட்டாமல் போவதுண்டு.